நாயக்கர் ராஜ்யத்தை முடிச்சது சந்தா சாகிப் இல்ல

மதுரை நாயக்கர் வம்சம் எப்படி அழிஞ்சதுன்னு யார்கிட்ட கேட்டாலும் ஒரே கதைதான் வரும், ராணி மீனாட்சி நம்பினாங்க, சந்தா சாகிப் குரான் மேல சத்தியம் பண்ணிட்டு ஏமாத்தினான், அது குரானே இல்ல பட்டுத்துணி சுத்தின செங்கல்லு, ராணி விஷம் குடிச்சு செத்துட்டாங்க, முடிஞ்சது. கதையா கேட்க நல்லாத்தான் இருக்கு. துரோகி இருக்கான், ஏமாந்த ராணி இருக்காங்க, கண்ணுல தண்ணியும் வரும். ஆனா 1736ல சந்தா சாகிப் திருச்சி கோட்டைக்குள்ள வந்தப்ப அங்க தட்டிப் பறிக்கிறதுக்கு என்ன மிச்சம் இருந்துச்சுன்னு பார்த்தா, பெருசா ஒண்ணும் இல்ல. அதுக்கு தொண்ணூறு வருஷம் முன்னாடியே, அதுவும் நம்ம எல்லாரும் தலையில தூக்கி வச்சு கொண்டாடுற திருமலை நாயக்கர் காலத்துலயே, அஸ்திவாரம் பேர ஆரம்பிச்சிருச்சுன்னு நான் நினைக்கிறேன். மதுரைக்காரங்க அடிக்க வராதீங்க, முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

முதல்ல இவங்க எப்படி வந்தாங்கன்னு பார்த்துடலாம். விஜயநகரத்துல கிருஷ்ணதேவராயர் ஆளும்போது மதுரையில பாண்டியன் பேருக்குத்தான் ராஜா, சோழன் ஒருத்தன் வந்து பாண்டியனைத் துரத்திட்டு உக்காந்துக்கிட்டான், பாண்டியன் ராயர்கிட்ட போய் அழுதான், ராயர் நாகம நாயக்கர்னு தன்னோட ஆளை படையோட அனுப்பினார், அவர் சோழனை விரட்டிட்டு, ஊரைப் பாண்டியனுக்குக் குடுக்காம தானே வச்சுக்கிட்டார். ராயருக்கு வந்ததே கோபம், இந்தாளைப் பிடிச்சுட்டு வர யாராவது இருக்கீங்களான்னு சபையில கேட்க, எழுந்து நின்னது நாகமரோட சொந்த மகன் விஸ்வநாதன். அப்பாவைத் தோற்கடிச்சு கட்டி இழுத்துட்டு வந்து ராயர் முன்னாடி நிறுத்தினாராம், ராயர் உருகிப்போய் அப்பாவையும் மன்னிச்சு மகனுக்கு மதுரையைக் குடுத்துட்டாராம். இது அப்படியே நடந்துச்சான்னு வரலாற்றுக்காரங்களுக்குள்ள வாக்குவாதம் உண்டு, ஆனா இந்த வம்சம் தன்னைப் பத்தி சொல்லிக்க ஆசைப்பட்ட கதை இதுதான்ங்கிறதுல சந்தேகம் இல்ல. அப்பனா ராஜாவான்னு வந்தா ராஜாதான். நாங்க ராயருக்கு விசுவாசமானவங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, இந்த விசுவாசம் நூத்துச்சொச்சம் வருஷத்துல எங்க போய் நின்னுச்சுன்னு பின்னாடி வரும்.

விஸ்வநாதர் 1529ல வந்ததா பொதுவா கணக்கு வைப்பாங்க. வந்தவருக்கு ஒரு பெரிய தலைவலி. தெற்கே முழுக்க சின்னச் சின்ன தலைவர்கள், பழைய பாண்டிய வம்சத்து ஆளுங்க, மறவர் தலைவர்கள், ஏற்கனவே வந்து குடியேறின தெலுங்கு, கன்னட படைத்தலைவர்கள், ஒவ்வொருத்தன்கிட்டயும் ஆள் பலமும் ஒரு மண்கோட்டையும் இருக்கு. எல்லாரையும் அடிச்சு ஒழிக்க முடியாது. அங்கதான் தளவாய் (படைத்தலைவரும் முதல் மந்திரியும் சேர்ந்த பதவி) அரியநாத முதலியார் வர்றார், தொண்டை மண்டலத்து வேளாளர், என்னைக் கேட்டா இந்த ராஜ்யத்தை உண்மையா கட்டினவர் இவர்தான். ஆயிரங்கால் மண்டப வாசல்ல குதிரை மேல உக்காந்திருக்காரே, அவர்தான். அந்த மண்டபத்தைக் கட்டினவரும் அவரேதான் (எண்ணிப் பார்த்தா 985 தூண்தான் இருக்கும், ஆயிரம்ங்கிறது மரியாதைக்கு). அவர் போட்ட ஏற்பாடுதான் 72 பாளையம். மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளம், ஒரு கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரன் பொறுப்பு. உன் ஊரு உனக்கு, வரி நீயே வசூல் பண்ணிக்கோ, காவலும் நீயே பாத்துக்கோ, வசூல்ல மூணுல ஒரு பங்கை நாயக்கருக்குக் கட்டு, ஒரு பங்குல படை வச்சுக்கோ, மிச்சம் உனக்கு, கூப்பிட்டா படையோட வந்து நில்லு. இதுதான் டீல்.

யோசிச்சுப் பார்த்தா செம மூளை. எதிரியா நிக்க வேண்டியவனை எல்லாம் பங்குதாரர் ஆக்கிட்டார். ஆனா இதுல ஒரு விஷயம் உள்ளடங்கி இருக்கு. பாளையக்காரன் ஏன் நாயக்கருக்குக் கட்டுப்படணும்? ஏன்னா நாயக்கருக்குப் பின்னாடி விஜயநகரம் நிக்குது. நாயக்கர் தனி ராஜா இல்ல, ராயரோட ஆளு. மேல ஒரு பேரரசன், நடுவுல நாயக்கர், கீழ பாளையக்காரன். இந்த நடு ஆளோட அதிகாரம் முழுக்க மேல இருந்து வர்றது, அவனோட பலம் முழுக்க கீழ இருந்து வர்றது. சொந்தமா அவன்கிட்ட இருக்கிறது என்னன்னு கேட்டா, மதுரை, திருச்சி கோட்டைகளும் காவிரி, வைகை, தாமிரபரணித் தண்ணியில விளையிற கொஞ்சம் நல்ல நிலமும்தான்.

1565ல தலைக்கோட்டைப் போர்ல விஜயநகரம் அடி வாங்கினதும் மேல இருந்த பிடி தளர்ந்துச்சு. உடனே எல்லாம் மாறிடல, பல வருஷம் நாயக்கர்கள் ராயர் பேரைச் சொல்லித்தான் கல்வெட்டு வெட்டினாங்க, கப்பமும் அப்பப்ப போச்சு, அப்பப்ப போகல. கிருஷ்ணப்பர், வீரப்பர்னு வரிசையா ஆண்டவங்க காலத்துல கோயில், குளம், தெப்பம்னு நாடு நல்லாத்தான் இருந்துச்சு, திருநெல்வேலி பக்கத்துல கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளைப் பார்த்தவங்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. முத்துக்கிருஷ்ணப்பர் காலத்துல ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்குத் திருட்டு பயம் அதிகமாகி, சேதுபதிகள்ங்கிற மறவர் தலைவர்களை ராமநாதபுரத்துல திரும்ப நிலைநிறுத்தினாங்க, அது 1605 வாக்குல. அன்னைக்கு அது வெறும் போலீஸ் ஏற்பாடு. பின்னாடி அந்தச் சேதுபதியே மதுரையைத் தூக்கிச் சாப்பிடுற அளவுக்கு வளர்ந்தார்.

1616, 17ல தோப்பூர்ல ஒரு பெரிய சண்டை, கல்லணை பக்கத்துல. விஜயநகர சிம்மாசனத்துக்கு யார் வரணும்னு வடக்கே நடந்த சண்டையில தஞ்சை ரகுநாத நாயக்கர் ஒரு பக்கம், மதுரையும் செஞ்சியும் இன்னொரு பக்கம். மதுரை நின்ன கட்சி தோத்துப்போச்சு. அந்தச் சண்டையில கல்லணையையே உடைச்சு விட்டாங்கன்னு சொல்லுவாங்க. தோத்தது கூட பெருசில்ல, ஒரே ராயர்கிட்ட வேலை பார்த்த மூணு நாயக்கர்களும் (மதுரை, தஞ்சை, செஞ்சி) இனிமே ஒருத்தரை ஒருத்தர் நம்ப முடியாதுன்னு ஆகிப்போச்சு, அதுதான் பெருசு.

இப்ப திருமலை நாயக்கர். 1623ல இருந்து 1659 வரைக்கும். திருச்சிக்குப் போயிருந்த தலைநகரத்தை மதுரைக்குத் திருப்பிக் கொண்டு வந்தார், மஹால் கட்டினார், புதுமண்டபம் கட்டினார், வண்டியூர் தெப்பக்குளம் வெட்டினார், ராயகோபுரத்தை ஆரம்பிச்சு முடிக்காம விட்டார். மாசியில நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாத்தி, தேனூர் பக்கம் இறங்கிக்கிட்டிருந்த அழகரை மதுரை வைகைக்குக் கூட்டிட்டு வந்து ரெண்டு திருவிழாவையும் ஒண்ணாக்கினது இவர்தான்னு சொல்லுவாங்க. மாசியில அறுவடை நேரம், தேர் இழுக்க ஆள் கிடைக்கல, அதனால மாத்தினார்னும் ஒரு பேச்சு உண்டு. சைவம் வைணவம்னு பிரிஞ்சு கிடந்த கூட்டத்தை ஒரே ஊர்ல ஒரே மாசத்துல நிக்க வச்ச ஆளை சும்மா சொல்லக்கூடாது. இன்னைக்கும் மதுரையோட முகம் இவர் போட்டதுதான், அதுல எனக்கு மறுப்பே இல்ல. மஹால்ல இன்னைக்கு நாம பார்க்கிறது அன்னைக்கு இருந்ததுல கால்வாசி கூட தேறாதுங்கிறாங்க, அந்தக் கால்வாசிக்கே கழுத்து வலிக்குது.

ஆனா அரசியல்ல இவர் பண்ணினது இருக்கே. 1642ல விஜயநகரத்துக்கு மூணாம் ஸ்ரீரங்கன் வந்தார், அந்த வம்சத்துல கடைசியா கொஞ்சம் முதுகெலும்போட வந்த ஆள், தலைநகரம் அப்ப வேலூர் பக்கம். கப்பம் கட்டாம இஷ்டத்துக்கு இருந்த நாயக்கர்களை ஒழுங்கு பண்ணணும்னு தெற்கே படை எடுத்தார். திருமலை தஞ்சையையும் செஞ்சியையும் சேர்த்துக்கிட்டு ஒரு கூட்டணி போட்டார், தஞ்சை நாயக்கர் அதை ராயர்கிட்டயே போட்டுக் குடுத்துட்டார். திருமலைக்கு வேற வழி தெரியல, கோல்கொண்டா சுல்தானுக்கு ஆள் அனுப்பினார், நீங்க வடக்கே இருந்து வேலூரை அடிங்க, இவர் என்னை விட்டுட்டு ஓடிருவார்னு. சுல்தானும் அடிச்சார், ராயரும் திரும்பி ஓடினார், திட்டம் சக்சஸ். அப்புறம்? பங்காளித் தகராறுக்கு ரவுடியை வீட்டுக்குள்ள கூப்பிட்டவன் கதைதான். கோல்கொண்டா படை ராயரை முடிச்சுட்டு தெற்கே பார்த்துத் திரும்புச்சு, இவர் பயந்துபோய் அதைத் தடுக்க பீஜப்பூர் சுல்தானைக் கூப்பிட்டார், அவங்க ரெண்டு பேரும் தங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கிட்டாங்க, 1649 வாக்குல செஞ்சி பீஜப்பூர் கைக்குப் போச்சு, செஞ்சி நாயக்கர் வம்சம் அதோட காலி, அடுத்து தஞ்சையும் மதுரையும் பீஜப்பூருக்குக் கப்பம் கட்டுறேன்னு ஒத்துக்கிட்டு தப்பிச்சாங்க.

அதாவது சொந்த ராயருக்குக் கட்ட மாட்டேன்னு சொன்ன கப்பத்தை, யாருன்னே தெரியாத பீஜப்பூருக்குக் கட்டினார். அப்பாவையே கட்டி இழுத்துட்டு வந்து ராயர் முன்னாடி நிறுத்தின விஸ்வநாதரோட வாரிசு, ராயரைக் கவுக்க சுல்தானைக் கூப்பிட்டார். சுல்தான் முஸ்லிம்ங்கிறதுக்காக நான் சொல்லல, அந்தக் காலத்துல எல்லாரும் எல்லாரையும் கூப்பிட்டாங்க, மதம் பார்த்தெல்லாம் சண்டை போடல. நான் சொல்றது கணக்கு. நடு ஆளு மேல இருக்கிறவனை வெட்டிவிட்டா, அவனுக்குக் கீழ இருக்கிறவன் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பான். ராயருக்கு நாயக்கர் கட்ட வேண்டாம்னா, நாயக்கருக்குப் பாளையக்காரன் ஏன் கட்டணும்?

இதுக்கு விடை சீக்கிரமே வந்துச்சு. ஸ்ரீரங்கன் மைசூர்ல போய் ஒட்டிக்கிட்டு மறுபடி தலையெடுக்கப் பார்க்க, திருமலை பீஜப்பூரை மைசூர் மேல ஏவி விட, அந்தக் கோபத்துல மைசூர் கண்டீரவ நரசராஜன் 1656ல படை அனுப்பினார். அதுதான் மூக்கறு போர். வர்ற வழியெல்லாம் ஆம்பளை, பொம்பளை, குழந்தைன்னு பார்க்காம மூக்கையும் மேலுதட்டையும் சேர்த்து அறுத்து மூட்டை கட்டி மைசூருக்கு அனுப்பினாங்க. படை மதுரைக்கே வந்துருச்சு, திருமலை நாயக்கர் படுத்த படுக்கை. ராணி சேதுபதிக்கு ஓலை அனுப்ப, ரகுநாத சேதுபதி மறவர் படையோட வந்து காப்பாத்தினார், அப்புறம் திருமலையோட தம்பி குமாரமுத்து மைசூருக்குள்ள துரத்திட்டுப் போய் பதிலுக்கு மூக்கறுத்துட்டு வந்தார். சேதுபதிக்கு என்ன குடுத்தாங்க? திருமலை சேதுபதின்னு பட்டம், ராணி சொல் காத்தவர்னு பட்டம், கூடவே இனிமே கப்பம் கட்ட வேண்டாம்னு சலுகை. நன்றிக்கடன்தான், தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா பாளையத்துல பெரிய ஆளு ஒருத்தர் அதோட கணக்குல இருந்து வெளியே போயிட்டார்.

அடுத்து வந்த பையன் சில மாசத்துலயே போயிட, பேரன் சொக்கநாதர் 1659ல வந்தார், சின்ன வயசு. தளவாயும் பிரதானியும் (நிதி மந்திரி) சேர்ந்து ஆட்டி வச்சாங்க, அதே சமயம் பஞ்சம், கடற்கரையில டச்சுக்காரங்ககிட்ட ஜனங்க அடிமையா விலை போனாங்க. தூத்துக்குடியை டச்சுக்காரங்க போர்ச்சுக்கீசியர்கிட்ட இருந்து 1658லயே பிடிச்சிருந்தாங்க, முத்துக்குளி காசும் சங்குக் காசும் யார் கைக்குப் போகும்னு இதுலயே புரியும். சொக்கநாதர் தலைநகரத்தை மறுபடி திருச்சிக்கு மாத்தினார், சும்மா மாத்தல, தாத்தா கட்டின மஹால்ல இருந்து கல்லு, மரம், தூண்னு பேர்த்து எடுத்துட்டுப் போய் திருச்சியில அரண்மனை கட்டினார்னு சொல்லுவாங்க. மஹாலை இடிச்சது வெள்ளைக்காரன்னு நினைக்கிறவங்க இருக்காங்க, உண்மையில நேப்பியர் கவர்னர் 1860, 70கள்ல காசு ஒதுக்கி ரிப்பேர் பண்ணலன்னா மிச்சமும் போயிருக்கும்.

சொக்கநாதரோட பெரிய கூத்து 1673ல தஞ்சாவூர்ல நடந்துச்சு. தஞ்சை விஜயராகவ நாயக்கரோட பொண்ணைக் கேட்டார், அவர் தர மாட்டேன்னுட்டார், பழைய குடும்பப் பகை. படை போச்சு. விஜயராகவர் வயசானவர், பெருமாள் பக்தர், தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் அந்தப்புரத்துக்கு வெடி வைக்கச் சொல்லிட்டு, மகனோட சேர்ந்து வாளை எடுத்துக்கிட்டு வெளியே வந்து சண்டை போட்டுச் செத்தார். பொண்ணு கேட்டுப் போன இடத்துல பொண்ணும் இல்ல மாமனாரும் இல்ல, ஊரு மட்டும் கிடைச்சுது. காவிரி டெல்டா மொத்தமும்! இதைவிட பெரிய அதிர்ஷ்டம் ஒரு மதுரை நாயக்கருக்கு வந்ததே இல்ல. அதைத் தன்னோட பால்குடித் தம்பி அழகிரி கையில குடுத்தார். அழகிரி கொஞ்ச நாள் பணம் அனுப்பினார், அப்புறம் நிறுத்திட்டார், அப்புறம் ஓலை எழுதுற தோரணையே மாறிடுச்சு, சமமான ராஜாவுக்கு எழுதுற மாதிரி. இங்க சொக்கநாதர் உடனே படை எடுத்திருக்கணும், எடுக்கல, கோபப்பட்டுட்டு உக்காந்திருந்தார். இதுக்குள்ள வெங்கண்ணான்னு தஞ்சாவூர் ராயசம் (அரண்மனை எழுத்தர்) ஒருத்தர், செத்துப்போன தஞ்சை நாயக்கர் குடும்பத்துல தப்பிச்ச பையன் செங்கமலதாசனைக் கூட்டிக்கிட்டு பீஜப்பூர்ல போய் நின்னார். பீஜப்பூர் அனுப்பின தளபதி ஏகோஜி, நம்ம சத்ரபதி சிவாஜிக்குத் தம்பி, அப்பா ஒண்ணு அம்மா வேற. அவர் வந்து அழகிரியை விரட்டினார், பையனைச் சிம்மாசனத்துல ஏத்தினார், பையன் பக்கத்துல உக்கார நேரம் பார்த்துக்கிட்டிருந்து 1676 வாக்குல தானே ஏறி உக்காந்தார். தஞ்சாவூர் அதுக்கப்புறம் 1855 வரைக்கும் மராட்டியர் ஊரு. காவிரி நெல்லு மதுரை நாயக்கர் கைக்கு வந்து ரெண்டு மூணு வருஷத்துல போயே போச்சு, பதிலுக்குப் பக்கத்துல ஒரு புது எதிரி குடித்தனம் வந்துட்டான்.

இதுக்கப்புறம் நடந்ததை எழுதவே பாவமா இருக்கு. 1678ல சொக்கநாதரையே இறக்கிட்டு தம்பியை ஏத்தினாங்க, அந்தக் குழப்பத்துல ருஸ்தம் கான்னு குதிரைப்படைத் தலைவன் ஒருத்தன் திருச்சி கோட்டையைத் தன் கைக்குக் கொண்டு வந்துட்டான், சொக்கநாதர் திரும்ப பேருக்கு ராஜா, உண்மையில கைதி. அவனை ஒழிக்க மைசூர், மராட்டியர், மறவர்னு எல்லார்கிட்டயும் உதவி கேட்டார், எல்லாரும் வந்தாங்க, அவனை முடிச்சாங்க, முடிச்சுட்டு யாரும் ஊருக்குப் போகல! கோட்டையைச் சுத்தி அவனவன் டேரா போட்டு உக்காந்து என் பங்கு எங்கேன்னு கேட்டான். மதுரை மைசூர்க்காரன் கையில, கொங்கு நாடு மொத்தமும் கை நழுவி மைசூர் பக்கம். 1682ல சொக்கநாதர் மனசு உடைஞ்சு செத்தார். என் கணக்குல ராஜ்யம் செத்தது அந்த வருஷம்தான். மிச்சம் 54 வருஷம் ஓடினதுக்கு ஒரே காரணம், அவரோட மனைவி.

மங்கம்மா. ஆனா அவங்களுக்கு முன்னாடி மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் கதை ஒண்ணு சொல்லணும், சொல்லாம விட மனசு வரல. அவுரங்கசீப்போட செருப்பு ஒண்ணை யானை மேல வச்சு, குடை சாமரத்தோட, படையோட ஊர் ஊரா அனுப்புவாங்களாம், ராஜாக்கள் எதிர்கொண்டு வந்து கும்பிட்டு கப்பம் கட்டணும். திருச்சிக்கு வந்தப்ப இந்தப் பையன் உடம்பு சரியில்லன்னு சொல்லி செருப்பை அரண்மனைக்குள்ளயே வரவச்சு, அவங்க முன்னாடியே அதை எடுத்துத் தன் கால்ல மாட்டிக்கிட்டு, என்னய்யா உங்க பாதுஷா ஒத்தைச் செருப்பு அனுப்பியிருக்கார், இன்னொண்ணு எங்கன்னு கேட்டாராம். நடந்துச்சோ இல்லையோ, கேட்கும்போது விசில் அடிக்கத் தோணும். மதுரையை மைசூர்கிட்ட இருந்து மீட்டதும் இவர்தான். 1689ல பெரியம்மை வந்து சின்ன வயசுலயே போயிட்டார், கர்ப்பமா இருந்த மனைவி முத்தம்மா பிள்ளை பெத்த சில நாள்லயே செத்துப்போனாங்க, கைக்குழந்தையைத் தூக்கி வச்சுக்கிட்டு பாட்டி மங்கம்மா ஆட்சிக்கு வந்தாங்க. புருஷன் செத்தப்ப உடன்கட்டை ஏறாத பொம்பளைங்கிறதையும் சேர்த்துக்கோங்க, அன்னைக்கு அது லேசான விஷயம் இல்ல.

மகன் செருப்பை மாட்டினான்னா அம்மா என்ன பண்ணினாங்க? கப்பம் கட்டினாங்க. செஞ்சியில மராட்டிய ராஜா ராஜாராமை (சிவாஜியோட மகன்) பிடிக்க முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வருஷக்கணக்கா முற்றுகை போட்டு உக்காந்திருந்தான், 1690ல இருந்து 98 வரைக்கும், மங்கம்மா அவனுக்குப் பணமும் பரிசும் அனுப்பி நட்பு வச்சுக்கிட்டாங்க, தஞ்சாவூர்க்காரன் பிடிச்சு வச்சிருந்த ஊர்களை அந்தச் செல்வாக்குலயே திரும்ப வாங்கினாங்க. வீரம் பார்த்துப் படிக்கிறவங்களுக்கு இது சப்புன்னு இருக்கும். எனக்கு இந்த வம்சத்துலயே அரசியல் தெரிஞ்ச ரெண்டாவது ஆள் இவங்கதான், முதல் ஆள் அரியநாதர். தன்கிட்ட என்ன பலம் இருக்கு, என்ன இல்லங்கிற கணக்கு சரியா தெரிஞ்சிருந்துச்சு. மேல ஒரு பெரியவன் வேணும்னு புரிஞ்சிருந்துச்சு, ராயர் இல்லன்னா பாதுஷா.

ஒரு சம்பவம் எனக்கு ரொம்ப பிடிக்கும். மைசூர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணை கட்டிட்டார், கீழ தண்ணி வரல. ஆமா, அப்பவேதான். நேத்து வரைக்கும் அடிச்சுக்கிட்டிருந்த தஞ்சாவூர் மராட்டியரோட மங்கம்மா கைகோர்த்து, ரெண்டு படையும் சேர்ந்து போய் அணையை உடைக்கிறதா முடிவு பண்ணி கிளம்ப ரெடியாகும்போது, மேல பேய் மழை, வெள்ளம் வந்து அணை தானே உடைஞ்சு தண்ணி வந்துருச்சு. படை வீட்டுக்குப் போச்சு. இந்தக் கூட்டணியைப் போட முடிஞ்சதே பெரிய விஷயம், இவங்க மாமனாரோட அப்பா திருமலையால கடைசி வரைக்கும் தஞ்சாவூரை நம்ப வைக்க முடியல.

சாலை போட்டாங்க, சத்திரம் கட்டினாங்க, கன்னியாகுமரி பக்கம் போற பழைய சாலைக்கு மங்கம்மா சாலைன்னு இன்னமும் பேரு இருக்கு. மதுரை ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல மங்கம்மா சத்திரம், தமுக்கம் அரண்மனைதான் இன்னைக்கு காந்தி மியூசியம். தோத்த இடமும் உண்டு, 1702ல கிழவன் சேதுபதி மேல படை அனுப்பி, தளவாய் நரசப்பய்யா அந்தச் சண்டையிலயே செத்தார், ராமநாதபுரம் அதோட சுத்தமா தனி ராஜ்யம். நல்லா போய்க்கிட்டிருந்த கணக்கை ஏன் கெடுத்துக்கிட்டாங்கன்னு தெரியல, சேதுபதியை விட்டுட்டிருக்கலாம். முடிவு மோசம், பேரன் வயசுக்கு வந்ததும் பாட்டியைப் பத்தி வதந்தி கிளப்பி, சிறையில போட்டு, பார்க்கிற தூரத்துல சோத்தை வச்சு பட்டினியில சாகடிச்சாங்கன்னு ஜனங்க சொல்ற கதை. அது 1706.

அந்தப் பேரன் விஜயரங்க சொக்கநாதர் 26 வருஷம் ஆண்டார், பக்தர், யாத்திரை, தானம், மறுபடி யாத்திரை. ஸ்ரீரங்கம் கோயில்ல அவரும் குடும்பமும் கைகூப்பி நிக்கிற ஆளுயரச் சிலைகள் இருக்கு, அழகான வேலை. ஆட்சியைப் பத்தி எழுத அவ்வளவுதான் இருக்கு. 1732ல வாரிசு இல்லாம செத்தார்.

இப்ப அந்தக் கடைசிக் கதைக்கு வாங்க. அவரோட மனைவி ராணி மீனாட்சி திருச்சியில, பங்காளி பங்காரு திருமலை மதுரைப் பக்கம், அவரோட மகனைத்தான் ராணி தத்து எடுத்திருந்தாங்க, அப்பனுக்கோ மகனை விட தனக்கே சிம்மாசனம் வேணும். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி 1734ல மகன் சப்தர் அலியையும் மருமகன் சந்தா சாகிபையும் கப்பம் வசூலுக்கு அனுப்பினார். ரெண்டு தரப்பும் அவங்ககிட்ட பஞ்சாயத்துக்குப் போச்சு, சப்தர் அலி பங்காரு பக்கம் சாய, ராணி ஒரு கோடி ரூபா தர்றேன்னு சந்தா சாகிபைப் பிடிச்சாங்க. தளவாய் மண்டபத்துல சத்தியம். 1736ல திரும்ப வந்தவன் அம்மையநாயக்கனூர் கிட்ட பங்காருவை விரட்டிட்டு, ராணியையும் அடைச்சு வச்சுட்டான். விஷம்.

இதுல புதுசா ஏதாவது இருக்கா சொல்லுங்க. குடும்பச் சண்டைக்கு வெளியாளைக் கூப்பிடுறது திருமலையே ஆரம்பிச்சு வச்ச பழக்கம், சொக்கநாதர் ருஸ்தம் கானை ஒழிக்கக் கூப்பிட்டார், மீனாட்சி கடைசி. இவங்களை மட்டும் ஏமாளிப் பொம்பளைன்னு எழுதிட்டு திருமலைக்குச் சிலை வைக்கிறதுதான் எனக்கு எரிச்சல். அன்னைக்கு ராணி கூப்பிட்டிருந்தா ஓடி வர ஒரு சேதுபதி இருந்தாரா, 72ல எத்தனை பேர் வந்தாங்க? கோட்டைக்கு 72 கொத்தளம்னு ஆரம்பிச்ச ராஜ்யம் இது.

சந்தா சாகிபும் நல்லா வாழல, 1741ல மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே திருச்சியைப் பிடிச்சு அவனை சதாராவுக்குக் கொண்டு போயிட்டார், திரும்பி வந்து பிரெஞ்சுக்காரனோட சேர்ந்து ஆட்டம் போட்டு 1752ல தஞ்சாவூர்த் தளபதி மானாஜி கையில தலை போச்சு. சத்தியம் பண்ணின அதே மண்டபத்துலதான் வெட்டினாங்கன்னு சொல்லுவாங்க, ஜனங்களுக்கு அப்படி முடிஞ்சாத்தான் திருப்தி.

இதுல பலருக்குத் தெரியாத கிளை ஒண்ணு இலங்கையில, கண்டியில இருக்கு. கண்டி ராஜாக்கள் மதுரை நாயக்கர் உறவுல பொண்ணு எடுத்துக்கிட்டிருந்தாங்க, இங்க ராஜ்யம் போன மூணாவது வருஷம், 1739ல, அங்க ராஜா வாரிசு இல்லாம செத்துட, ராணியோட தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன்னு பேர் வச்சுக்கிட்டு சிம்மாசனம் ஏறினார். நாலு நாயக்கர்கள் 1815 வரைக்கும் ஆண்டாங்க, அதுல கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சயாம்ல (இன்னைக்குத் தாய்லாந்து) இருந்து பிக்குகளை வரவச்சு புத்த சங்கத்துக்கே மறுவாழ்வு குடுத்தவர். கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை வெள்ளைக்காரன் பிடிச்சு வேலூர் கோட்டையில வச்சான், 1832ல அங்கேயே இறந்தார், பாலாத்தங்கரையில முத்து மண்டபம்னு சமாதி இருக்கு.

பாளையங்களோ நாயக்கர் போனதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. அதுவரைக்கும் யாருக்கும் ஒழுங்கா கட்டல. மதுரை நாயக்கருக்குச் சேர வேண்டிய பங்கு இனி எனக்குன்னு ஆற்காட்டு நவாப் சொன்னார், சொன்னாரே தவிர வசூல் பண்ணத் தெம்பில்ல, கும்பினிகிட்ட (ஆங்கிலேய கிழக்கிந்திய கம்பெனி) வாங்கின கடன் கழுத்து வரைக்கும். 1792 ஒப்பந்தத்துல பாளையக்காரங்ககிட்ட கப்பம் வாங்குற வேலையை கும்பினியே எடுத்துக்கிச்சு. அரியநாதர் என்னைக்கோ எழுதின மூணுல ஒரு பங்குக் கணக்கு கை மாறி கை மாறி கலெக்டர் ஜாக்சன் மேஜைக்கு வந்துருச்சு, அவர் அதை பாஞ்சாலங்குறிச்சிக்கு நோட்டீஸா அனுப்பினார், 1798ல கட்டபொம்மனை ஊர் ஊரா அலைய விட்டு ராமநாதபுரத்துல வச்சுப் பார்த்தார். அங்க என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதுக்குத் தனியா ஒரு போஸ்ட் போடணும்.